ஞாயிற்றுக்கிழமை ஓடும் காருக்கு வாரண்டி நீட்டிப்பு தேவையா?

மும்பைத் தமிழர் குடும்பங்களில் கார் வாங்குவது இன்று அதிசயமான காரியம் அல்ல. தாராவியிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் மாதச் சம்பளக்காரர்கள் வங்கிக் கடன் போட்டுச் சிறிய கார் வாங்குகிறார்கள். ஆனால், அந்தக் கார் எவ்வளவு தூரம் ஓடுகிறது?

வேலைக்குப் போய் வருவது லோக்கல் ரெயிலில்தான். கார் வெளியே வருவது ஞாயிற்றுக்கிழமை. கோவில், கடை, உறவினர் வீட்டு விசேஷம் என்று ஆண்டு முழுவதும் ஓடினாலும் 4 ஆயிரம் கிலோ மீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

இப்படிப்பட்ட காருக்குத்தான், சாவி வாங்கும் நாளில் ஷோரூமில் "எக்ஸ்டெண்டட் வாரண்டியும் போட்டு விடலாமா?" என்று கேட்கிறார்கள். வீட்டார் மாலையும் எலுமிச்சம் பழமுமாகக் காத்து நிற்கிறார்கள். யோசிக்க நேரம் ஏது? காட்டிய இடத்தில் கையெழுத்து விழுந்து விடுகிறது. அந்தப் பணம் ஒரு குமாஸ்தாவுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம். ஆகவே, இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எது முந்துகிறதோ, அது

வாரண்டிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று காலம், மற்றொன்று தூரம். இரண்டில் எது முந்துகிறதோ, அன்றோடு வாரண்டி முடிந்தது.

உதாரணமாக, மாருதி சுசுகி கம்பெனி 2 ஆண்டு அல்லது 40 ஆயிரம் கிலோ மீட்டர் என்று இருந்த வாரண்டியை, 2024 ஜூலையில் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோ மீட்டர் என்று உயர்த்தியது. லட்சம் என்றதும் மனம் மகிழ்கிறது. ஆனால், ஆண்டுக்கு 4 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும் கார் லட்சத்தைத் தொட 25 ஆண்டு ஆகும். முதல் பதிவுக் காலமான 15 ஆண்டு முடியும்போது கூட அது 60 ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கும்.

ஆக, குறைவாக ஓட்டுகிறவருக்குத் தூர எல்லையால் பயன் எதுவும் இல்லை. அவர் பணம் கொடுத்து வாங்குவது கூடுதலாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளை மட்டுமே. நாள் முழுவதும் ஓடி உழைக்கும் காருக்கும், மூடி போட்டு நிறுத்திய காருக்கும் ஒரே கட்டணம். லாபம் யாருக்கு?

பழுதாவது எது?

"ஓடாத கார் கெடாது" என்று எண்ணுவதும் தவறு. நின்ற இடத்தில் நிற்கும் காரின் பாட்டரி இறங்கி விடும். டயரின் ரப்பர் வயதால் இறுகி வெடிப்பு விடும். மழைக்காலத்தில் பிரேக் தட்டு துருப்பிடிக்கும். எலி வயரைக் கடிக்கும். இரண்டு மூன்று கிலோ மீட்டர் ஓடி நிறுத்தினால் எஞ்சின் நன்றாகச் சூடேறாது. ஆயிலில் சேரும் ஈரம் வெளியேறாது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. டயர், பிரேக் பாகங்கள், வைப்பர் ரப்பர் முதலிய தேய்மானப் பொருள்கள் பொதுவாக வாரண்டி நீட்டிப்பில் அடங்குவதில்லை. பாட்டரியையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எலி கடித்ததற்கும் இடம் இல்லை. நிற்கும் காருக்கு என்னென்ன நோய் வருமோ, அவற்றில் பெரும்பாலானவை இந்த வாரண்டிக்கு வெளியே நிற்கின்றன!

வெள்ளமும் அப்படியே. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதை மும்பைவாசிகள் மறக்க மாட்டார்கள். தண்ணீரில் மூழ்கிய காருக்கு இழப்பீடு கேட்க வேண்டியது இன்சூரன்சில், வாரண்டியில் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வட்டியோடு பார்த்தால்

நீட்டிப்புக் கட்டணத்தைப் பலர் கார் கடனோடு சேர்த்து விடுகிறார்கள். 15 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 9½ சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடன் என்றால் மாதம் சுமார் 245 ரூபாய். முடிவில் கட்டிய தொகை ஏறத்தாழ 20 ஆயிரத்து 600 ரூபாய். நான்காம் ஆண்டில்தான் தொடங்கப் போகும் வாரண்டிக்கு, முதல் மாதம் முதலே வட்டி! சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

அதற்குப் பதிலாக, மாதம் 400 ரூபாய் தபால் நிலைய ஆர்.டி.யில் போட்டு வந்தால் மூன்று ஆண்டில் 14 ஆயிரத்து 400 ரூபாய் சேரும். ஐந்து ஆண்டில் 24 ஆயிரம் ரூபாய், வட்டி தனி. பாட்டரி வாங்கவும் டயர் மாற்றவும் அந்தப் பணம் உதவும். பழுதே வராவிட்டால் பணம் வீட்டுக்குத்தான்.

யார் வாங்கலாம்?

அப்படியானால், யாருமே வாங்கக்கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது.

ஆட்டோமாட்டிக் கியர், டர்போ எஞ்சின், நிறைய மின்னணுக் கருவிகள் உள்ள காரில் ஒரு பாகம் போனாலே செலவு பெரிது. மின்னணுப் பாகங்கள் ஓடினால்தான் கெடும் என்பதும் இல்லை. அவசரச் செலவு என்றால் கந்து வட்டிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையில் உள்ளவருக்கும் வாரண்டி ஒரு தைரியம். காரை ஐந்தாறு ஆண்டில் விற்க எண்ணுகிறவருக்கு, பெயர் மாற்றிக் கொடுக்கக்கூடிய வாரண்டி மீதம் இருந்தால் விலை பேச உதவும்.

ஊருக்குக் காரில் போகிறவர்களும் யோசிக்க வேண்டும். மும்பையில் இருந்து திருநெல்வேலி சுமார் 1,600 கிலோ மீட்டர். தாவணகெரே பக்கத்தில் கியர் பெட்டி மக்கர் செய்தால் என்ன செய்வது? கார் கம்பெனியே தரும் நீட்டிப்பு, பொதுவாக நாட்டில் உள்ள அதன் அங்கீகாரம் பெற்ற எந்த ஒர்க்‌ஷாப்பிலும் செல்லும். டீலர் தானாகத் தரும் திட்டம் அவருடைய ஒர்க்‌ஷாப்போடு நின்று விடலாம். மும்பையில் வாங்கிய அந்தக் காகிதத்தால் தாவணகெரேயில் என்ன பயன்?

ஆகவே வாங்குகிறவர், வாரண்டி கொடுப்பது கம்பெனியா, டீலரா, இன்சூரன்ஸ் நிறுவனமா என்று முதலில் கேட்க வேண்டும். எந்தத் தேதியில் தொடங்குகிறது, எவை அடங்காது, வெளி மாநிலத்தில் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். வாய் வார்த்தை கோர்ட்டில் நிற்காது.

சர்வீசைத் தவற விடாதீர்

வாங்கியவர்களும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. "3 ஆயிரம் கிலோ மீட்டர்தானே ஓடியிருக்கிறது, சர்வீஸ் எதற்கு?" என்று ஓர் ஆண்டை விட்டு விடுகிறார்கள். சர்வீசுக்கும் காலம், தூரம் என்று இரண்டு எல்லைகள் உண்டு. கையேட்டில் கண்ட நாளில் சர்வீஸ் செய்யவில்லை என்றால், பின்னால் பழுது வரும்போது கம்பெனி அதையே காரணம் காட்டிக் கை விரிக்க இடம் உண்டு. சர்வீஸ் ரசீதுகளை ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்த வேண்டும்.

நியாயமின்றி மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது பெரிய வசதி. வாரண்டி நீட்டிப்பு வாங்கினால்தான் கார் தருவோம் என்று யாராவது நிபந்தனை போட்டால், அதையும் இந்தச் சட்டம் ஏற்காது.

அவசரம் வேண்டாம்

சாதாரண கியர் உள்ள சிறிய பெட்ரோல் கார், ஆண்டுக்கு 4 ஆயிரம் கிலோ மீட்டர், கையில் கொஞ்சம் சேமிப்பு. இந்த நிலையில் உள்ள சம்பளக்காரர், சாவி வாங்கும் நாளில் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பெரும்பாலான கம்பெனிகள் முதல் வாரண்டி முடியும் வரை நீட்டிப்பு வாங்க இடம் தருகின்றன. நாள் செல்லச் செல்லக் கட்டணம் கூடும் என்பது உண்மை. ஆனால், அதற்குள் காரின் குணம் தெரிந்து விடும். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, அதற்கு இரண்டு மாதம் முன்பு வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

அதுவரை ஆண்டு தவறாமல் சர்வீஸ், வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேர ஓட்டம், மாதம் 400 ரூபாய் சேமிப்பு. குறைவாக ஓடும் காருக்கு இதைவிட நல்ல வாரண்டி எந்த ஷோரூமிலும் விற்பதில்லை.