பொறி தவறினால் புதிய கருவி வாங்க வேண்டுமா?



வழக்கமாகப் பாடநூல், தேர்வு என்று எழுதும் நான், இம்முறை ஒரு பழைய மகிழுந்தின் தீப்பொறி அமைப்பைப் பற்றி எழுத விழைகின்றேன். அது எனக்குக் கற்பித்த பாடம் நம் அனைவருக்கும் உரியது என்று கருதுகின்றேன்.

பட்டறை வைத்திருந்த என் சிற்றப்பா விட்டுச் சென்றது 1970ஆம் ஆண்டின் எம்ஜிபி. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவாக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் வகை மகிழுந்து அது. கடந்த ஆண்டு அதன் இயந்திரம் இடையிடையே தும்மத் தொடங்கியது. மேடு ஏறும்போது முற்றாக நின்றும் போனது. விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் உருவாக்கிய முறையே இவ்வகை மகிழுந்துகளில் உள்ளது. மின்கலத்தின் 12 வோல்ட் மின்னோட்டம் காயில் எனப்படும் மின்சுருளில் பாய்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் எனும் தொடுமுனைகள் திறந்த கணத்தில் அம்மின்னோட்டம் அறுபட, பல ஆயிரம் வோல்ட் எழுந்து ஸ்பார்க் பிளக்கில் பொறியாகிறது. நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு விநாடிக்கு 100 பொறிகள்! ஒவ்வொரு பொறிக்கும் அம்முனைகள் ஒருமுறை திறந்து மூட வேண்டும். அவற்றின் இடைவெளியோ 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் மட்டுமே.

இவ்வளவு உழைக்கும் முனைகள் தேயத்தான் செய்யும். ஆகவே பழுது அங்கேதான் என்று ஆராயாமலே முடிவு செய்தேன். முனைகளையும் கண்டென்சரையும் கழற்றிக் குப்பையில் இட்டுவிட்டு, காந்தப்புலத்தை உணர்ந்து இயங்கும் மின்னணுக் கருவியைப் பொருத்தினேன். இரண்டே நாளில் மகிழுந்து மீண்டும் மேட்டில் நின்றது.

அன்று மாலை உடன் அமர்ந்திருந்த என் மகன், “அப்பா, பழைய பாயிண்ட்தான் கெட்டது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியன் நான்!

பிறகுதான் முறையாகத் தேடினோம். டிஸ்ட்ரிபியூட்டரின் உள்தட்டை அதன் உடலோடு இணைக்கும் சிறு மின்கம்பி ஒன்று உண்டு. வெற்றிடக் குழாய் அத்தட்டை முன்னும் பின்னும் நகர்த்தும். கம்பியும் உடன் வளையும். மகன் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டை நகர்த்த, நான் மின்அளவியைப் பார்த்தேன். முள் ஆடியது. உறைக்குள்ளே கம்பி இழையிழையாக அறுந்திருந்தது. புதிய கருவியும் அதே தட்டின் வழியேதான் மின்சுற்றை முடிக்கிறது. ஆகவே பழைய பழுது புதிய கருவிக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. விரல்நீளக் கம்பியை மாற்றியதும் தும்மல் நின்றது.

மின்னணுக் கருவி வீண் என்று நான் கூறவில்லை. அதில் உரசித் தேயும் முனை இல்லை. அடிக்கடி இடைவெளி பார்க்கும் வேலையும் இல்லை. ஆனால் மேம்பாடு என்பது பராமரிப்புக்குப் பின்னரே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் பிளக்குகள், மூடி, சுழலும் கை, தண்டின் ஆட்டம், உள்தட்டின் கம்பி ஆகியவற்றைச் சோதியுங்கள். முனைகளின் இடைவெளியைச் சரிசெய்த பின்னரே பொறி எழும் நேரத்தைச் சரிபாருங்கள். முனையின் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்தாலே பொறி தாமதப்படும். இயந்திரம் ஒழுங்காக ஓடிய பிறகு, விரும்பினால் மின்னணுவுக்கு மாறுங்கள்.

அப்போதும் கவனம் தேவை. 1967ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு முந்திய எம்ஜிபிகளில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். முனை மாற்றி இணைத்தால் கருவி எரிந்துவிடும். மின்சுருளின் மின்தடை கருவிக்கு ஏற்றதா என்றும் அளந்து பாருங்கள். இயந்திரம் ஓடாதபோது சாவியைத் திருப்பியே வைத்திருக்காதீர்கள். பழைய முனைகளையும் கண்டென்சரையும் பின்பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். மின்னணுக் கருவி நடுவழியில் செயலிழந்தால் அதைப் பழுதுபார்க்க இயலாது. பழைய முனைகளையோ ஒரு திருப்புளியும் இடைவெளி அளக்கும் தகடும் கொண்டு சாலையோரத்திலேயே பொருத்திவிடலாம். நான் எறிந்துவிட்டு, மீண்டும் விலை கொடுத்து வாங்கினேன்.

வகுப்பறையிலும் நாம் இதைத்தானே செய்கின்றோம்? மாணவன் கணக்கில் தடுமாறினால் புதிய பயிற்சி நூல், புதிய டியூஷன் வகுப்பு என்று மாற்றிக்கொண்டே இருக்கின்றோம். எந்த இடத்தில் கம்பி அறுந்தது என்று பார்ப்பவர் எத்தனை பேர்? மூன்றாம் ஆண்டில் வகுத்தல் புரியாமல் போனவனுக்கு ஆறாம் ஆண்டில் எந்த நூலைக் கொடுத்தும் பயனில்லை.

மகிழுந்து விற்கப்படவில்லை. இடைவெளி அளக்கும் தகடு இப்போது என் மகனின் மேசையில் இருக்கிறது.

அன்புடன், உங்களில் ஓர் ஆசிரியன்.