கோணலாய்க் கூடிய எலும்பு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில், அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளின் பிசிறைச் சுரண்டிக்கொண்டிருந்தார் ஓர் அம்மாள். "சூளைக்குள்ளே போற வரைக்கும் திருத்திடலாமுங்க. வெந்து வந்துட்டா, கோணல் கோணல்தான்!" என்றார்.

பிறகு, மேல் தட்டுப் பொம்மையை எனக்குக் காட்டுவதற்காக இடது கையால் வலது கையைத் தாங்கி உயர்த்தினார். தோளுக்கு மேலே அது எழவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் குழாயடியில் வழுக்கி விழுந்தாராம். எண்ணெய் போட்டுத் துணியால் கட்டியதில் எலும்பு கூடிவிட்டது. கைதான் பழையபடி வரவில்லை. "பொண்ணுக்குத் தலை பின்னி ரெண்டு வருஷமாச்சு" என்றபோது அவர் குரல் தழைந்தது.

எலும்பு பீங்கான் அல்ல. உடைந்தால் தானே ஒட்டிக்கொள்ளும். ஆனால் எந்த நிலையில் கிடக்கிறதோ, அந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும்! தோளில் ஒரு பந்தும் ஆழமில்லாத கிண்ணமும் இருக்கின்றன. பந்தின் பக்கத்திலுள்ள புடைப்பில்தான் கையைத் தூக்கும் தசைநார்கள் பிடித்திருக்கின்றன. அந்தப் புடைப்பு அரை சென்டிமீட்டர் மேலேறிக் கூடினாலே போதும். கையைத் தூக்கும்போது மேலெலும்பில் இடிக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரம் பச்சைக் களிமண் பருவம். அதற்குள் எக்ஸ்ரே எடுத்து, எலும்பை நேராக வைத்துவிட்டால் தொல்லை குறைவு. ஒரு வாரம் கழித்து இன்னொரு படமும் எடுப்பது நல்லது. நேராக வைத்த எலும்பும் நழுவுவதுண்டு.

காலம் கடந்துவிட்டால்? கோணலாய்க் கூடிய இடத்தை மறுபடி வெட்டி, நேராக்கி, உலோகத் தகடும் திருகாணியும் வைத்து முடுக்குகிறார்கள். சிலருக்கு இடிக்கும் பகுதியைச் செதுக்கினாலே போதும். பந்தே சிதைந்திருந்தால் செயற்கை மூட்டு. அமெரிக்க டாக்டர் நீர் 1950களில் இதற்கு வழிகாட்டினார். தசைநார்களும் கெட்டுவிட்டால், பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கும் மூட்டு ஒன்று உண்டு. 1985ல் பிரான்ஸின் டாக்டர் கிராமோன் அமைத்தது அது.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. வலியில்லாமல் வேலை நடந்தால் பயிற்சியே போதும். தோளருகே நரம்புகளும் ரத்தக் குழாய்களும் ஓடுவதால், ஆபரேஷனில் ஆபத்தும் உண்டு. செய்துகொண்டாலும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். முன்னால் குனிந்து, கையைக் கடிகாரப் பெண்டுலம்போல் ஆடவிடுவது அதன் முதல் பாடம்.

"இனிமேல் ஆகுமாங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். நீங்கள் சொன்னது பொம்மைக்குத்தான் சரி, அக்கா, தோளுக்கு இல்லை" என்றேன்.