குத்தகைக் காகிதம் போதாது

“கனிமம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கிடைத்தால் நிலத்துக்காரர் வாசலில் ஏன் நிற்க வேண்டும்?” மைசூருவில் குவாரிக்குப் பரிந்து பேசுகிறவர்களின் வாதம் இது.

பாதிதான் சரி. கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 70ஆம் பிரிவு கனிம உரிமையை அரசிடம் வைக்கிறது. ஆனால் அதை நாடு முழுக்க விதியாக நீட்ட முடியாது. கேரளத்துத் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், சட்டப்படி பறிக்கப்படாதவரை நிலத்தடிச் செல்வமும் நிலத்துக்காரருடையதே என்றது. கர்நாடகத்திலும் கனிமம் அரசுடையது என்பதால் மேலே இருக்கும் வயல் அரசுடையதாகிவிடாது. 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டம், 24ஏ பிரிவு: நிலத்தை அனுபவிப்பவருக்கு இழப்பீடு தர வேண்டும், வீட்டை ஒட்டிய வேலியிட்ட தோட்டத்தில் அவர் சம்மதமின்றி நுழைய வேண்டுமானால், குறைந்தது 7 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். குத்தகையைக் காட்டுகிறவர்கள் இந்தப் பிரிவை மட்டும் படிப்பதில்லை, விந்தைதான்.

சரி, பட்டாதாரர் தலையாட்டினால் போதுமா? அதுவும் இல்லை. கிருஷ்ணராஜசாகர் (கே.ஆர்.எஸ்.) அணைக்கு அருகே பேபி பெட்டா குன்றில் குவாரிக்காகச் சோதனை வெடிப்பு என்றதுமே விவசாயிகள் மறித்தார்கள். 2024 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அணையைச் சுற்றி 20 கி.மீ. வரை குவாரிக்குத் தடை போட்டது. அணை நீரில் பயிர் செய்கிறவரும் இதில் ஒரு தரப்பு.

கேட்டுவிட்டு இறங்குவது குவாரிக்கு மட்டுமான கடமை அல்ல. நிலத்தடியில் இறங்கும் குகை ஆய்வாளர் கையில் குத்தகைகூட இல்லை. மேகாலயத்தில் நிலம் பெரும்பாலும் குலங்களுக்கும் தனியாருக்கும் உரியது. ஊரைக் கேட்காமல் குகைக்குள் இறங்க முடியாது.

குவாரிக்காரர்களே, லாரியை அனுப்பும் முன் ஆளை அனுப்பிப் பேசுங்கள்.