அறுந்த சுருள்

மயிலாப்பூரின் மார்கழிக் குளிர் மனிதரை அவ்வளவாக வருத்துவதில்லை. வீட்டுப் பட்டறையிலுள்ள வச்சிரப் பசையைத்தான் சட்டென்று உறைய வைத்துவிடுகிறது. பசையைச் சூடாக்கும் மின்சார அடுப்பில் நிக்கல், குரோமியம் கலந்த கம்பிச் சுருள் அறுந்துவிட்டால் என் செய்வது? ஈயப் பற்று பயன்படாது. செக்கச் சிவக்கக் காயும் சுருளில் அது உருகி ஓடிவிடும். பழுதான பகுதியைக் கழித்து மிச்சத்தை முறுக்கி இணைப்பது சிக்கனம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் 230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் சுருளில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால், அடுப்பு 1250 வாட் இழுக்கும்! முறுக்கிய இடம் மீண்டும் கருகும். பழைய ஒயர் தீப்பற்றினாலும் பற்றும். ஸ்விட்சை நிறுத்தினால் மட்டும் போதாது; பிளக்கையே பிடுங்கிவிட்டு, ஆறிய பின் அதே வாட் அளவுள்ள புதுச் சுருளைப் பொருத்துவதே விவேகம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?