ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

அன்புள்ள வாசகர்களுக்கு,

கொஞ்ச நாளாக உங்கள் கடிதங்களில் செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு கூடிக்கொண்டே வருகிறது. கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பவர், டிடிபி சென்டர் நடத்துபவர், மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று தவிக்கும் தாய், கண் மருத்துவமனைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய ஊரில் இருக்கும் பெரியவர் என்று பலரும் எழுதுகிறீர்கள். “பிழைப்பு போய்விடுமா?” என்ற பயமும், “இது எங்கள் ஊருக்கு எப்போது வரும்?” என்ற ஆசையும் சில சமயம் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

ஆசைப்பட நல்ல காரணம் மதுரையிலேயே இருக்கிறது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கும்போது வலிக்காது. வெகுநாள் வரை பார்வையும் மங்காது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் படம் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லத் தேர்ந்த மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கிய கூகுள் ஆய்வாளர்களின் கட்டுரை 2016-ல் அமெரிக்க மருத்துவ இதழான ‘ஜாமா’வில் வந்தது. அதற்குப் பயன்பட்ட விழித்திரைப் படங்கள் 1,28,175. அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் அடக்கம். 2019-ல் மதுரை அரவிந்துக்கு வந்த நோயாளிகளுக்கே அந்த முறை பயன்படத் தொடங்கியது.

அந்தக் கட்டுரையில் என் மனதில் நின்றது இன்னொரு செய்தி. 54 கண் மருத்துவர்கள் அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு படத்தை மூன்று முதல் ஏழு தடவை வரை வெவ்வேறு கண்கள் பார்த்து, இது இந்த நிலை என்று குறித்த பிறகுதான் கணினிக்குப் புரிந்தது. இன்று நம் சிறு நகரங்களில் கல்லூரி முடித்த பிள்ளைகள் திரைக்கு முன் அமர்ந்து, சாலைப் படங்களில் இது லாரி, இது மாடு, இது சைக்கிளில் போகும் ஆள் என்று கட்டம் கட்டிக் கொடுக்கிறார்கள். எங்கோ தானாக ஓடப்போகும் வண்டிக்கு அவர்கள்தான் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். இயந்திரம் தானாகக் கற்றுக்கொண்டது என்று யாராவது சொன்னால், இந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி பயம். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பழைய அச்சகங்களைப் பார்த்தவர்களுக்கு அச்சுக்கோக்கும் கம்பாசிட்டரைத் தெரியும். அறைகள் பிரித்த ஈய எழுத்துப் பெட்டிக்கு முன் நாள் முழுக்க நின்றிருப்பார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். விரல் தானாகப் போய் வேண்டிய எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் அடுக்கும். இடவலம் மாறிக் கிடக்கும் எழுத்தை நாம் நேரெழுத்தைப் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். எழுத்தாளர் ஒற்று விட்டிருந்தால் ஒன்றும் சொல்லாமல் போட்டுவிடுவார். வாக்கியம் இடித்தால் வந்து கேட்பார். தமிழில் பல நல்ல புத்தகங்களின் முதல் வாசகர் அவர். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கணினி அச்சுக்கோப்பும் ஆஃப்செட்டும் வந்தன. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. இளையவர்கள் சிலர் கீபோர்டு பழகினார்கள். சிலர் பைண்டிங் பக்கம் போனார்கள். வயதானவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அதே காலத்தில் வங்கிகளிலும் கணினி வந்தது. அங்கே நடந்தது வேறு. ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன, போராடின, பிறகு பேசின. 1983, 1987, 1993 என்று இந்திய வங்கிகள் சங்கத்துடன் மூன்று ஒப்பந்தங்கள் ஆயின. எந்தக் கிளையில், எந்த வேலைக்கு இயந்திரம் என்பதெல்லாம் பேசி முடிவானது. முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று அன்று ஏசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லெட்ஜரில் கையால் எழுதிக்கொண்டிருந்த பலர் கணினி பழகி, அதிலேயே பணி ஓய்வு வரை இருந்தார்கள். வேலை மாறியது; மாறுவதற்கு அவகாசமும் கிடைத்தது. நாலு பேர் வேலை பார்க்கும் சிறு அச்சகத்துக் கம்பாசிட்டருக்குச் சங்கமும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. இரண்டு இடத்திலும் வந்தது கணினிதான். ஓரிடத்தில் ஊழியரைக் கேட்டார்கள், இன்னோரிடத்தில் கேட்கவில்லை.

உங்கள் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில், பயத்துக்கு அடியில் இதுதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இயந்திரத்தின் மீது அத்தனை கோபம் இல்லை. “எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்ற மனத்தாங்கல்தான் அதிகம்.

பாட்டுக்காரர்கள் விஷயத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. 2024-ல் வந்த ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஒரு பாட்டில் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும், உரிய ஊதியம் கொடுத்ததாகவும் அவரே சொன்னார். ஏறக்குறைய அதே நேரத்தில், ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் தன் தந்தையின் குரலைக் குடும்பத்தைக் கேட்காமல் இப்படி உருவாக்கிவிட்டார்கள் என்று எஸ்.பி.பி.யின் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நுட்பம் ஒன்றுதான். ஓரிடத்தில் குடும்பத்தாரைக் கேட்டார்கள், இன்னோரிடத்தில் கேட்காததால் குடும்பம் புண்பட்டது.

ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு செயற்கை நுண்ணறிவுக்கு வரம்பும் அவர்கள் கோரிக்கை. இயந்திரம் எழுதிய பிரதியைக் கையில் கொடுத்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் ஏறியது. பெரிய சங்கம், பெரிய தொழில், முடிந்தது. நம் தெருவில் சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு? அவருடைய மேலாளர் ஒரு செயலி. ஒரு காலையில் “ஐடி பிளாக்” என்று வந்தால் ஏன் என்று கேட்க ஆள் கிடைப்பதில்லை. கர்நாடகம் 2025-ல் கொண்டுவந்த சட்டம், இவர்களை நீக்குவதற்கு முன் 14 நாள் அவகாசத்தோடு காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கு நலவாரியம் உண்டு. காரணம் கேட்கும் உரிமையும் இங்கே சட்டமாக வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் அழுத்தமாகவே சொல்கிறேன்.

மகளின் படிப்பு பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: ஜெஃப்ரி ஹின்டன் இந்தத் துறையின் முன்னோடி, 2024-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களை இனிப் பயிற்றுவிக்கத் தேவையில்லை என்று 2016-ல் சொன்னவர் அவர். இன்றும் அந்த மருத்துவர்களைத் தேடித்தான் மருத்துவமனைகள் அலைகின்றன. அவ்வளவு தெரிந்தவருக்கே எந்த வேலை நிற்கும், எந்த வேலை போகும் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே யாரோ கைபேசியில் அனுப்பிய பட்டியலைப் பார்த்து அவளுக்குப் பிடித்த படிப்பை மாற்றிவிடாதீர்கள். பாடத்தோடு இந்தக் கருவிகளையும் பழகட்டும்.

இன்னொன்று அவசரமானது. பேரன் குரலில், மகள் குரலில் போன் செய்து பணம் கேட்கும் மோசடி வந்துவிட்டது. குரலை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். போனை வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் எண்ணில் நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

நம் பத்திரிகைக்கு வருகிறேன். ஓவியர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள், வடிவமைப்பாளர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினோம். கதைகளும் ஓவியங்களும் மனிதர்கள் படைத்தவையாகவே இருக்கும். பழைய இதழ்களைக் கணினியில் ஏற்றவும், பேட்டிகளின் ஒலிப்பதிவை எழுத்தாக்கவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்துவோம். பயன்படுத்திய பக்கத்திலேயே அதைக் குறிப்பிடுவோம். மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்பி எதுவும் அச்சுக்குப் போகாது. மெய்ப்புக் குழுவே கேட்டு வாங்கிய விதி இது.

இனி உங்கள் முறை. உங்கள் அலுவலகத்தில், ஆலையில், பள்ளியில், கடையில் புதிய இயந்திரமோ செயலியோ வந்தபோது யாராவது உங்களைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொன்னீர்கள்? கேட்காவிட்டால், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் வந்து சேர்ந்தால் வரும் இதழிலேயே இடம் ஒதுக்க முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்