பேஸ்ட் டியூபை எடைக்கு எடுப்பது யார்?

மாதக் கடைசியில் பல வீடுகளில் நடக்கும் காரியம்தான் இது. பேஸ்ட் தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட டியூபைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை பிரஷ்ஷால் வழித்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிவிடுவார்கள். அப்படி வெட்டியவர்களுக்குத் தெரியும், டியூபின் உள்சுவர் வெள்ளிபோல மின்னும். சில ஆண்டுகளாகச் சில டியூப்களில் அந்த மினுமினுப்பைக் காணோம். உள்ளே வெறும் வெள்ளையாக இருக்கிறது.

வாங்குபவர் யாரும் கவனிக்காத இந்த நிறமாற்றத்தின் பின்னால் பல ஆண்டு ஆய்வுக்கூட உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்த உழைப்பின் பலன் இன்னும் குப்பைக் கூடையைத் தாண்டவில்லை.

டியூபின் சுவருக்குள் எதற்கு ஒரு தடுப்புப் படலம்? பல்பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் தண்ணீர் கிடையாது. தகர டப்பாவிலும் காகிதப் பொட்டலத்திலும் மாதக்கணக்கில் கிடக்கும். பேஸ்டில் தண்ணீர் இருக்கிறது. அது வெளியேறினால் பேஸ்ட் கட்டிதட்டிப் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் வாசனை. புதினா எண்ணெய், மென்தால், கிராம்பு எண்ணெய் போன்றவை பேஸ்டின் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் காலையில் வாய்க்குள் ஜில்லென்று உணர்வதற்குத்தானே பலரும் காசு கொடுக்கிறார்கள்! இந்த மணப்பொருள்களுக்கு எண்ணெய்க் குணம். பெட்ரோலியத்தில் பிறந்த பாலித்தீனும் அதே குணம் கொண்டது. எண்ணெய் எண்ணெயோடு சேர்வதுபோல, மணம் மெல்ல பாலித்தீன் சுவருக்குள் ஊறி, மறுபக்கம் வழியாகக் காற்றில் கலந்துவிடும். வெறும் பாலித்தீன் டியூபில் அடைத்த பேஸ்ட், கடை அலமாரியில் பல மாதம் இருந்தால் சுண்ணாம்புக் குழம்புபோல ஆகிவிடும்.

உலோக டியூப் காலத்தில் இந்தக் கவலை எழவே இல்லை. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், வண்ணக் குழம்பு காய்ந்துபோகாமல் இருக்க, பிதுக்கக்கூடிய உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அரை நூற்றாண்டு கழித்து அதே குழாயில் பற்பசை ஏறியது. 1896இல் கோல்கேட் நிறுவனம் டியூபில் பேஸ்ட் விற்கத் தொடங்கியது. இந்தியாவில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அலுமினிய டியூபைப் பார்த்திருப்பார்கள். அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வரலாம், சுருட்டியது சுருட்டியபடி நிற்கும். மடிப்பில் வெடித்துக் கசிந்தது மட்டுமே அதன் குறை. தீர்ந்த பிறகு, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்தவரின் கூடையில் அலுமினியத்துக்கும் ஒரு விலை இருந்தது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அடுக்குப் படல டியூப் வந்தது. இந்தியாவில் 1982இல் தொடங்கப்பட்ட எஸ்ஸெல் பேக்கேஜிங் அதைப் பரவலாக்கியது. பிறகு எஸ்ஸெல் புரோபேக் ஆகி, இப்போது இ.பி.எல். என்ற பெயரில் இருக்கும் அந்த மும்பை நிறுவனம், உலகின் மிகப் பெரிய டியூப் உற்பத்தியாளர்களில் ஒன்று. இந்த டியூபின் சுவர் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனம். வெளியே பாலித்தீன், நடுவே தலைமுடியைவிட மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மறுபடி பாலித்தீன், இவற்றை ஒட்டிவைக்கப் பசை அடுக்குகள். வெடிக்காது, கசியாது, மணம் போகாது. பயன்பாட்டில் குறை சொல்லவே முடியாத பொருள்.

குப்பையில்தான் அது தோற்றது. அலுமினியத்தைத் தனியே உருக்கினால் தாதுவிலிருந்து எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். பாலித்தீனைத் தனியே உருக்கினால் வாளியாகவும் குழாயாகவும் மறுபிறவி எடுக்கும். இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டால் காயலான் கடைக்காரருக்கு இரண்டுமே இல்லை. பால் பாக்கெட்டையும் எண்ணெய் கேனையும் எடைக்கு எடுப்பவர் பேஸ்ட் டியூபைத் தள்ளிவைப்பதற்குக் காரணம் இதுதான். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி டியூப்கள் தூக்கியெறியப்படுவதாகத் தொழில்துறையினரே மதிப்பிடுகிறார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. டியூப் ஆலைகளில் அச்சுப் பிழையால் ஒதுக்கப்படும் படலச் சுருள்களையும் வெட்டுத் துண்டுகளையும் சூடாக்கி அழுத்தி, கூரைத் தகடுகளும் பலகைகளும் செய்கிறார்கள். இந்தியாவில் பல கட்டடங்களின் கூரையில் பேஸ்ட் பெயர்கள் துண்டு துண்டாகத் தெரிவதைக் காணலாம். இது நல்ல முயற்சி. ஆனால் அந்தக் கழிவு சுத்தமானது, ஒரே இடத்தில் டன் கணக்கில் கிடைப்பது. குளியலறையிலிருந்து ஒவ்வொன்றாக வரும் டியூபுக்கு அந்த வழி திறக்கவில்லை.

அலுமினியத்தை நீக்கிவிட்டு மணத்தை எப்படிக் காப்பது? விடை இ.வி.ஓ.எச். என்ற பிளாஸ்டிக்கில் இருந்தது. ஜப்பானின் குராரே நிறுவனம் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் அது. உலர்ந்த நிலையில் பாலித்தீனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாக ஆக்சிஜனைத் தடுக்கும். எண்ணெய்க் குணம் இல்லாததால் மணத்தையும் எளிதில் விடாது. பலவீனம் ஒன்றுதான்: ஈரம் பட்டால் அதன் பிடி தளரும். பேஸ்டிலோ ஈரம், குளியலறையிலோ ஈரம். அதனால் அதைச் சில மைக்ரான் கனத்தில் இழைத்து, இருபுறமும் நீர்விடாத பாலித்தீன் அடுக்குகளால் மூடினார்கள். மொத்த எடையில் சில சதவீதத்துக்குள் அது அடங்கிவிட்டால், பாலித்தீனோடு சேர்த்து உருக்கும்போது பெரிய தொல்லை தருவதில்லை.

அடுத்த முடிச்சு மென்மை. மறுசுழற்சியில் நல்ல விலை போகும் பாலித்தீன், பால் கேனும் ஷாம்பு பாட்டிலும் செய்யப்படும் எச்.டி.பி.இ. என்ற கெட்டி ரகம். அதில் டியூப் செய்தால் குழந்தையால் பிதுக்க முடியாது. கோல்கேட் பொறியாளர்கள் அந்த ரகத்திலேயே வெவ்வேறு தரங்களையும் கனங்களையும் அடுக்கி, பிதுக்குவதற்கு இணங்கும் சுவரை உருவாக்கினார்கள். 2019இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் மறுசுழற்சியாளர் சங்கம் அதை அங்கீகரித்தது. அந்த நுட்பத்தைப் போட்டியாளர்களுக்கும் திறந்துவைத்தது கோல்கேட். மனதாரப் பாராட்ட வேண்டிய செயல். இ.பி.எல். தன் சொந்த வடிவமைப்பைக் கொண்டுவந்தது. 2021இல் யூனிலிவர், தன் பற்பசை டியூப்கள் அனைத்தையும் 2025க்குள் மாற்றுவதாக அறிவித்து, பிரான்சையும் இந்தியாவையும் முதல் களங்களாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் கோல்கேட்டும் அதே காலத்தில் மாற்றத்தைத் தொடங்கியது.

படலத்தின் சிக்கல் தீர்ந்தது. டியூபின் சிக்கல் தீரவில்லை.

முதல் காரணம், பழையதும் புதியதும் வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள். குப்பை பிரிப்பவரின் கைக்குப் பத்து டியூப் வந்தால், எதில் அலுமினியம் இருக்கிறது என்று நின்று ஆராய அவருக்கு நேரமில்லை. பத்தையும் ஒதுக்குவார். பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். 2023இல் கலிபோர்னியாவில் நுகர்வோர் சிலர் கோல்கேட் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். மறுசுழற்சிக்கு உரியது என்று டியூபில் அச்சிட்டிருந்தாலும் நடைமுறையில் பிரிப்பு நிலையங்கள் அதை ஏற்பதில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. தொடக்கத்திலேயே வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி நிறுவனம் கேட்டதை 2024இல் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இரண்டாவது, எடை. காலி டியூப் சில கிராம்தான். ஒரு கிலோ சேர நூறு டியூபாவது வேண்டும். தெருத்தெருவாக நடந்து பொறுக்குபவருக்கு நாலைந்து தண்ணீர் கேன்களின் எடையே அதைவிட லாபம்.

மூன்றாவது, சட்டம். இங்குதான் கோபம் வருகிறது. 2016இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத பல்லடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டுகளில் ஒழிக்கச் சொன்னன. 2018இல் கெடு நெருங்கும்போது வாசகம் மாற்றப்பட்டது. எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது, வேறு பயன் இல்லாதது என்ற சொற்கள் நுழைந்தன. சிமென்ட் சூளையில் எரியாத பிளாஸ்டிக் எது? தடை காகிதத்தில் மட்டும் மிஞ்சியது.

2022இல் உற்பத்தியாளர் பொறுப்புக்கான வழிகாட்டுதல்கள் வந்தன. அலுமினியம் கலந்த டியூப் அதில் மூன்றாம் வகை. முழு பிளாஸ்டிக் டியூப் இரண்டாம் வகை. மறுசுழற்சி இலக்கோ இரண்டுக்கும் ஒன்றே: 2024-25இல் 30 சதவீதம், 2027-28இல் 60 சதவீதம். செலவழித்துப் படலத்தை மாற்றியவருக்கும் மாற்றாதவருக்கும் ஒரே மதிப்பெண். மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கை உறையில் சேர்க்க வேண்டிய அளவிலோ, 2025-26இல் இரண்டாம் வகைக்கு 10 சதவீதம், மூன்றாம் வகைக்கு 5 சதவீதம். திருந்தியவர் தோளில்தான் சுமை கூடுதல்.

இலக்கு வகைக்குத்தானே தவிர பொருளுக்கு இல்லை என்பது இன்னொரு ஓட்டை. முழு பிளாஸ்டிக் டியூபுக்கான கணக்கை அதே வகையில் வரும் பால் பாக்கெட்டை வைத்தே முடித்துவிடலாம். பால் பாக்கெட்டை எப்படியும் கடைக்காரர் வாங்கத்தான் போகிறார். மறுசுழற்சிச் சான்றிதழ் கிடைத்துவிடும், டியூப் சென்னையின் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போய்விடும். சான்றிதழ்களின் யோக்கியதையும் வெளிவந்த கதைதான்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023இல் சோதித்தபோது நான்கே நிறுவனங்களிடம் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் சிக்கின.

என்ன செய்யலாம்? கடையில் கொடுத்து வாங்கும் பழக்கம் டியூபுக்குப் புதிதில்லை. 1942இல், டியூப் செய்யப் பயன்பட்ட மலாயாவின் வெள்ளீயம் ஜப்பான் கைக்குப் போனபோது, அமெரிக்காவில் பழைய டியூபைக் கொடுத்தால்தான் புது டியூப் வாங்க முடியும் என்று விதி போட்டார்கள். போர்க்கால நிர்ப்பந்தம் அது. தமிழ்நாட்டிலோ நிர்ப்பந்தம் அளவுக்குப் போகாமலேயே ஒரு வழி வெற்றி பெற்றிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு ₹10 கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டில் யானையின் காலைக் கிழித்த பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது.

டியூபுக்குப் பத்து ரூபாய் வேண்டாம். ஒரு ரூபாய் போதும். பேஸ்ட் விற்கும் அதே மளிகைக் கடையில் காலி டியூபைப் போட ஒரு பை. சரக்கு இறக்க வரும் நிறுவன வண்டியே திரும்பும்போது பையை எடுத்துப் போகட்டும். நூறு டியூப் சேரும் இடம் அதைவிட வேறெது? அலுமினியம் இல்லாத டியூபுக்கு மூடியிலேயே ஒரு பொது நிறத்தை அரசு நிர்ணயிக்கட்டும். எழுத்துத் தெரியாத கைக்கும் நிறம் புரியும். மறுசுழற்சிக் கணக்கில் டியூபுக்கு டியூபையே காட்ட வேண்டும் என்று ஒரு வரி விதியில் சேரட்டும்.

அதுவரை தூய்மைப் பணியாளர்களுக்குக் கற்றுத்தர ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. காலி டியூபை நடுவில் மடித்து விரலை எடுத்தால், அலுமினியம் உள்ளது மடிந்தபடி கிடக்கும். புது டியூப் விரிந்து நிமிரும். வார்டு அலுவலகத்தில் அரை மணி நேரப் பயிற்சிக்கு மேல் இதற்குத் தேவையில்லை. ஆனால் நிமிர்ந்த டியூபைத் தனிச் சாக்கில் போட்டுக் கொண்டுபோனால் கிலோவுக்கு என்ன தருவார்கள் என்று அந்தப் பணியாளர் கேட்பார். அந்த விலையை இதுவரை எந்தப் பற்பசை நிறுவனமும் அவரிடம் சொல்லவில்லை.