வலிச்சா உட்காரு, அது கோழைத்தனம் இல்ல

உங்க ஹாஸ்டல்ல ஃபுட்பால் ஆடுற ஒருத்தன் நிச்சயம் இருப்பான். அவன் கட்டிலுக்கு அடியில ஒரு ஸ்ப்ரேயும் ஒரு கிரேப் பேண்டேஜும் கிடக்கும். கேட்டா "சும்மா கால் வலிடா"ன்னு சொல்லுவான். ஃபர்ஸ்ட் இயர்ல நானும் அப்படித்தான் சொன்னேன்.

எனக்கு ஊர் அன்னவாசல். 2023 பொங்கலுக்கு ஊர்ல ஆடின செவன்ஸ் மேட்ச்ல, பந்தோட திரும்பும்போது வலது முட்டிக்குள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம். யாரும் இடிக்கல. ஸ்ப்ரே அடிச்சுட்டு செகண்ட் ஹாஃபும் ஆடினேன். எல்லாரும் கை தட்டினாங்க. ராத்திரி முட்டி தேங்காய் மாதிரி வீங்கிடுச்சு.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு அப்பா சொன்னார். அம்மா விடல. "அந்த மெட்ராஸ் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு டிவில பாத்தீங்கல்ல?"

அந்தப் பொண்ணு பிரியா. சென்னை ராணி மேரி கல்லூரி மாணவி, ஃபுட்பால் வீராங்கனை, வயசு 17. முட்டி ஜவ்வு கிழிஞ்சதுக்காக பெரியார் நகர் அரசு மருத்துவமனையில ஆபரேஷன் நடந்தது. அதுக்கு அப்புறம் காலையே எடுக்க வேண்டியதாச்சு. 2022 நவம்பர் 15 அன்னைக்கு இறந்துட்டாங்க. ஆபரேஷனுக்குப் பின்னாடி போட்ட கட்டு அளவுக்கு மீறி இறுக்கமா இருந்து ரத்த ஓட்டம் தடைபட்டதுதான் காரணம்னு அரசே சொன்னது. ரெண்டு டாக்டர்களை சஸ்பெண்ட் பண்ணாங்க.

அந்தப் பயத்துல என்னை நாட்டுக் கட்டு போடுறவர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டினார். நடுராத்திரி கால் விரல் எல்லாம் மரத்து, சில்லுன்னு ஆயிடுச்சு. வலி தாங்கல. அப்பா கத்தரிக்கோல் எடுத்து கட்டை அறுத்து விட்டார்.

எதுக்குப் பயந்தோமோ அதே ஆபத்துதான் எங்க வீட்டுக்குள்ளயும் வந்திருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சது. யார் கட்டினாலும் சரி, ரத்த ஓட்டம் நின்னா கால் சாகும். கட்டு போட்ட பிறகு வலி ஏறிட்டே போனா, விரல் மரத்தா, வெளுத்தா, நீலமா மாறினா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே போங்க. பிரியாவோட சாவுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது ஆஸ்பத்திரி பயத்தை இல்ல, இந்தப் பாடத்தை.

நான் ஸ்கேன் எடுத்தது நாலு மாசம் கழிச்சு. ஜவ்வோட சேர்ந்து, முட்டிக்குள்ள குஷன் மாதிரி இருக்குற மெனிஸ்கஸும் கிழிஞ்சிருந்தது. ஜவ்வு போன முட்டியோட நடந்து, இடையில ரெண்டு மேட்ச் வேற ஆடினதுக்குக் கிடைச்ச பரிசு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பத்து மாசம் பிசியோதெரபி. நெய்மாருக்கே 2023 அக்டோபர்ல இதே ஜவ்வு கிழிஞ்சு, திரும்ப கிரவுண்டுக்கு வர ஒரு வருஷம் ஆச்சு.

"வலி இல்லாம என்ன ஸ்போர்ட்ஸ்?"னு கேப்பீங்க. நியாயம்தான். ஆடின மறுநாள் தொடை, கெண்டைக்கால் வலிச்சு ரெண்டு மூணு நாள்ல போனா அது தசை வலி. ஆனா முட்டிக்குள்ள சத்தம், சில மணி நேரத்துல வீக்கம், காலை ஊன முடியாம போறது, எலும்புல ஒரே இடத்துல தொட்டா உயிர் போற வலி: இதுக்கெல்லாம் ஸ்ப்ரே மருந்து இல்ல. வலியை மறைக்கும், அவ்வளவுதான்.

எங்க மாவட்டத்துல ஜல்லிக்கட்டுன்னா டாக்டர் செக் பண்ணின பிறகுதான் மாடுபிடி வீரரை உள்ள விடுவாங்க. ஆம்புலன்ஸ் தயாரா நிக்கும். அதே பொங்கலுக்கு நாங்க நடத்துற ஃபுட்பாலுக்கு மைக் செட் இருக்கு, ஆளுயரக் கோப்பை இருக்கு, ஒரு ஐஸ் பெட்டி இல்ல. நம்ம காலேஜ் இன்டர்-டிபார்ட்மென்ட் மேட்ச் மட்டும் என்ன வாழுது?

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. மேட்ச் அன்னைக்கு ஐஸ், ஸ்ட்ரெச்சர், முதலுதவி தெரிஞ்ச ஒரு ஆள். அப்புறம் 'ஃபிஃபா 11+'னு ஒரு வார்ம்-அப் இருக்கு. 20 நிமிஷம்தான், காசு செலவில்ல. நார்வேயில இளம் பெண்கள் டீம்கள்ல நடத்தி 2008ல வெளிவந்த ஆய்வுல, இதைச் செஞ்ச டீம்களுக்கு மோசமான காயங்கள் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சது. நாம ஷூ லேஸ் கட்டுறதையே வார்ம்-அப்னு நினைச்சுட்டு இறங்குறோம்.

நொண்டிக்கிட்டே ஆடுறவனுக்கு அடுத்த தடவை கை தட்டாதீங்க. வெளிய கூப்பிட்டு உட்கார வைங்க. அன்னைக்கு எனக்கு யாராவது அதைச் செஞ்சிருந்தா, என் மெனிஸ்கஸாவது தப்பிச்சிருக்கும்.